பார்க்கர் 51: பத்திரமாக வைப்பதா, எழுதுவதா?

எங்கள் தாத்தாவின் பேனாவில் பொறித்திருக்கும் அவருடைய பெயர் கொஞ்சம் கொஞ்சமாக அழிந்துகொண்டு வருகிறது. காரணம் நான்தான். 2019லிருந்து அந்தப் பேனாவில் தினமும் எழுதுகிறேன். போன மாதம் வீட்டுக்கு வந்த நண்பர் ஒருவர், பழைய பேனாக்கள் சேகரிப்பவர், அதைக் கையில் வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துவிட்டு, "சார், இதையா தினமும் ஆபீசுக்கு எடுத்துட்டுப் போறீங்க?" என்றார். குழந்தையை பைக் டேங்க் மேல் உட்கார வைத்து ஓட்டுகிறவனைப் பார்க்கிற மாதிரி ஒரு பார்வை. நியாயமான கேள்விதான். அன்றைக்கு எனக்குச் சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. எழுதிப் பார்த்தால் வருமோ என்று இந்தப் பதிவு. வழக்கமாக இங்கே கல்வெட்டு படிக்க வருகிறவர்கள் மன்னிக்கவும். அது கடைசியில் கொஞ்சம் வரும்.

முதலில் பேனா. பார்க்கர் 51, கறுப்பு உடம்பு, மங்கலான எவர்சில்வர் மூடி. உடம்பில் பொடி எழுத்தில் கம்பெனி பெயர், மேட் இன் யு.எஸ்.ஏ., பக்கத்தில் ஒரு 9. அந்தக் காலத்து அமெரிக்கப் பார்க்கரில் இந்த ஒற்றை எண் தயாரித்த வருஷத்தின் கடைசி இலக்கம். 1939ல் இந்தப் பேனா கடைக்கே வரவில்லை. 1959ல் இப்படிக் குறி போடும் வழக்கம் நின்றுபோயிருந்தது. ஆக 1949. உள்ளே இருக்கும் இங்க் நிரப்பும் அமைப்பும் 1948ல் வந்ததுதான், கணக்கு ஒத்துப்போகிறது.

தாத்தா மலேயாவில் பேராக் பக்கம் ஒரு ரப்பர் எஸ்டேட்டில் கிராணியாக இருந்தவர். வீட்டில் சொல்லும் கதை இது: 1953, 54 வாக்கில் இரண்டு மாதச் சம்பளத்தைப் போட்டு ஈப்போவில் புதுசாக வாங்கினார், பெயரும் அங்கேயே பொறித்துக்கொண்டார். 1958ல் ஊர் திரும்பினார். அவர் போனது 1984ல். அப்புறம் அப்பா அதைக் கைக்குட்டையில் சுற்றி பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு நடுவில் வைத்துவிட்டார். வருஷத்துக்கு ஒரு நாள் ஆயுத பூஜைக்கு வெளியே வரும், சந்தனம் குங்குமம் வாங்கிக்கொள்ளும், மறுநாள் உள்ளே போய்விடும். ஆயுதங்களுக்கு ஒரு நாள் ஓய்வு கொடுக்கிற பண்டிகையில், வருஷம் பூராவும் ஓய்வில் இருந்த ஒரே ஆயுதம் எங்கள் வீட்டில் அதுதான்.

2019ல் அப்பா என்னிடம் கொடுக்கும்போதும் "பத்திரமா வச்சுக்கோடா" என்று சொல்லித்தான் கொடுத்தார். நான் ராத்திரி ஒரு டம்ளர் தண்ணீரில் நுனியை மட்டும் முக்கி வைத்தேன். காலையில் தண்ணீர் நீலமாக இருந்தது. தாத்தா கடைசியாக ஊற்றிய இங்க். முப்பத்தைந்து வருஷம் உள்ளேயே காய்ந்து கிடந்திருக்கிறது. இரண்டு நாள் தண்ணீர் மாற்றி மாற்றிக் கழுவி, புது இங்க் ஊற்றி, பழைய பில் ஒன்றின் பின்னால் கோடு இழுத்தேன். எழுதியது. ஒரு பாகமும் மாற்றவில்லை. நான் எழுதின சாஃப்ட்வேர் எதுவும் முப்பத்தைந்து மாதம் தொடாமல் விட்டால் இப்படி எழுந்து வேலை செய்யாது.

என் வயதுக்காரர்களுக்கு இந்தப் பேனாவின் உருவம் புதுசாக இருக்காது. நாம் எல்லோரும் இதைப் பயன்படுத்தியிருக்கிறோம், வேறு பெயரில். ஹீரோ பேனா. நிப் வெளியே தெரியாமல் மூக்கு நுனி மட்டும் எட்டிப்பார்க்கும், மூடியில் அம்பு மாதிரி கிளிப், உள்ளே அழுத்தி இங்க் உறிஞ்சும் உலோகக் கூடு. பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு எனக்கு பர்மா பஜாரிலிருந்து வந்தது. சீனப் பேனா என்றால் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். 1950களின் கடைசியில் ஷாங்காய் தொழிற்சாலை ஒன்று, பார்க்கரை எட்டிப்பிடிப்பது என்றே கோஷம் வைத்துக்கொண்டு 51ஐப் பார்த்துச் செய்த வம்சம் அது என்பது பிற்பாடு தெரிந்தது. நகலைப் பத்து வருஷம் பயன்படுத்திவிட்டு மூலத்துக்கு வந்தவன் நான். அதனால் இரண்டுக்கும் வித்தியாசம் எங்கே என்று கை சொல்லும். உருவத்தில் பெரிதாக இல்லை. ஹீரோ சட்டைப்பையில் கக்கும், இது கக்காது.

ஏன் கக்காது என்பதில்தான் இந்தப் பேனாவின் மொத்த விஷயமும் இருக்கிறது.

கதை இங்க்கிலிருந்து ஆரம்பிக்கிறது. அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தின் ஜேன்ஸ்வில் ஊரில் 1888ல் தொடங்கிய கம்பெனி பார்க்கர். 1930களில் கென்னத் பார்க்கருக்கு ஒரு ஆசை: எழுதி முடித்தவுடன் ஒற்றுக்காகிதம் இல்லாமல் காய வேண்டும். அதற்கு ஒரு இங்க் தயாரித்தார்கள். காகிதத்தில் சீக்கிரம் காய்கிற இங்க் நிப்பிலும் சீக்கிரம் காயும் இல்லையா? அதனால் நிப்பைச் சின்னக் குழாய் மாதிரி ஆக்கி, மேலே ஒரு கூடு போட்டு மூடினார்கள். அந்த இங்க் செல்லுலாய்டை அரிக்கும். அதனால் உடம்பை லூசைட்டில் செய்தார்கள், போர் விமானங்களின் கண்ணாடிக்குப் போட்ட அக்ரிலிக் வகை. பேனா இவ்வளவு எளிமையாக, எதிர்கால ராக்கெட் மாதிரி இருப்பதற்கு யாரோ ஓவியர் உட்கார்ந்து வரைந்தது காரணம் என்று நினைப்போம். பெரும்பகுதி ஒரு பிரச்சினைக்கு இன்னொரு தீர்வு, அந்தத் தீர்வு கொண்டுவந்த பிரச்சினைக்கு அடுத்த தீர்வு என்று வந்துசேர்ந்த உருவம். 1939ல் வேலை ஒரு கட்டத்துக்கு வந்தது, கம்பெனிக்கு அது 51வது வருஷம், பெயர் 51. அமெரிக்கக் கடைகளுக்கு 1941ல் வந்தது.

கூட்டுக்கு உள்ளே என்ன இருக்கிறது? நிப்பைச் சுற்றி சீப்பு மாதிரி மெல்லிய பல்பல்லான ஒரு பிளாஸ்டிக் துண்டு. கலெக்டர் என்று பெயர். உள்ளே இருக்கும் பையில் பாதி இங்க், பாதி காற்று என்று வையுங்கள். கைச்சூட்டிலோ சென்னை வெயிலிலோ காற்று விரியும், இங்க்கை வெளியே தள்ளும். சாதாரணப் பேனாவில் அது சொட்டாக விழும், சட்டைப்பையில் நீலப் பூ. இதில் தள்ளப்பட்ட இங்க் அந்தப் பல் இடுக்குகளில் போய் உட்கார்ந்துகொள்ளும். எழுதும்போது அங்கிருந்து முதலில் தீரும். எங்கள் தொழிலில் இதற்குப் பெயர் பஃபர். வரத்தும் செலவும் ஒரே வேகத்தில் இல்லாதபோது நடுவில் வைக்கிற தொட்டி. ஹீரோவிலும் இந்த மாதிரி ஒன்று உண்டு, ஆனால் அந்த விலையில் அந்த நுணுக்கம் வராது.

ஆக 51ல் காசு போன இடம் முழுக்க உள்ளே. நிப் 14 காரட் தங்கம், ஆனால் கண்ணுக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்து விலையுயர்ந்த பேனாக்களில் தங்கத்தை இப்படி ஒளித்துவைத்தவர்கள் அதிகம் இல்லை. எதிர்ப்பக்கம் மான்ட் பிளாங்க் 149ஐப் பாருங்கள், 1952ல் வந்தது. அகலமான தங்க நிப், அதில் மலையின் உயரம் 4810 என்று பொறிப்பு, மூடித் தலையில் வெள்ளை நட்சத்திரம். அதுவும் நல்ல பேனாதான், மட்டம் தட்டவில்லை. ஆனால் எதிரே உட்கார்ந்திருப்பவர் பார்க்க வேண்டும் என்ற எண்ணமும் அதன் உருவத்தில் இருக்கிறது. 51 எழுதுகிறவனுக்கு மட்டும் தெரியும்படி செய்தது. பௌஹாஸ் பள்ளியில் ஆசிரியராக இருந்த மொஹோலி-நாகி தன் புத்தகத்தில் இந்தப் பேனாவைப் பாராட்டியிருக்கிறார், கண்ணை உறுத்தாமல் வேலையைச் செய்வதை ஒரு குணமாகச் சொல்லி. அவர் 1940களில் அதே கம்பெனிக்கு ஆலோசகராகவும் இருந்தார் என்பதால் பாராட்டில் கொஞ்சம் கழித்துக்கொள்ளலாம். கழித்த பிறகும் மிச்சம் இருக்கிறது.

மலிவாக இருக்கவில்லை. 1941ல் எவர்சில்வர் மூடி போட்டது 12.50 டாலர். அப்போது அமெரிக்காவில் சட்டப்படி குறைந்தபட்சக் கூலி மணிக்கு 30 சென்ட். அதாவது அந்தக் கூலிக்காரருக்கு ஏறக்குறைய நாற்பத்திரண்டு மணி நேர உழைப்பு, ஒரு வாரச் சம்பளத்துக்கும் மேலே. இவ்வளவு விலை வைத்தும் சுமார் 2 கோடி பேனா விற்றதாகப் பொதுவாகச் சொல்கிறார்கள். 1945 மே மாதம் ரைம்ஸில் ஜெர்மனி சரணடைந்ததும் ஐசன்ஹோவர் கேமரா முன்னால் இரண்டு பேனாக்களை வெற்றிக் குறியாக விரித்துப் பிடித்திருப்பாரே, அவையும் 51தான். அந்தப் படம் பேனாவுக்குப் பெரிய கௌரவம் கொடுத்தது. என்னைக் கேட்டால் கெடுதலும் செய்தது. இது தினமும் கணக்கு எழுதுகிறவனின் சாமான் என்பது போய், சரித்திரச் சின்னம் என்று ஆக ஆரம்பித்தது அங்கேதான்.

சரி, தினமும் எழுதினால் எப்படி? ஒரு பேனாவைத் தமிழில் எழுதுகிறவன் சோதிக்க வேண்டிய முறை ஆங்கிலத்தில் எழுதுகிறவனுடையதிலிருந்து வேறு என்பது என் கட்சி. ஆங்கிலப் பேனா விமரிசனங்களில் கோட்டின் தடிமன் மாறுகிறதா, நிப் வளைகிறதா என்பதைப் பற்றிப் பக்கம் பக்கமாக இருக்கும். நமக்கு அது அவ்வளவு முக்கியமில்லை. நமக்கு முக்கியம் புள்ளி. புள்ளிக்குப் பேனாவை இழுக்க மாட்டோம், தொட்டு எடுப்போம், அவ்வளவுதான். தொட்ட அந்தக் கணத்தில் இங்க் தயாராக இருக்க வேண்டும். கொஞ்சம் தாமதமாக ஊறுகிற பேனா கோட்டில் சமாளித்துவிடும், புள்ளியில் மாட்டிக்கொள்ளும். 'பல்' என்று எழுதப்போய் 'பல' ஆகிவிடும். 'பார்க்கர்' என்று எழுதிப் பாருங்கள், ஐந்து எழுத்தில் மூன்று புள்ளி. நான் எந்தப் பேனா வாங்கினாலும் இதைத்தான் இருபது தடவை எழுதிப் பார்ப்பேன். 51 இதுவரை ஒரு புள்ளியையும் விட்டதாக நினைவில்லை. கல்வெட்டு வெட்டினவர்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது, பெரும்பாலும் புள்ளியே வைக்க மாட்டார்கள். அதை வாசிக்கிற நாம்தான் அவஸ்தைப்படுகிறோம்.

இரண்டாவது சோதனை மின்விசிறி. மூடியைக் கழற்றி வைத்துவிட்டு யோசிக்கிற ஆள் நான். சீலிங் ஃபேன் முழு வேகத்தில் ஓட, பத்து நிமிஷம் கழித்து எடுத்தாலும் முதல் எழுத்தே விழும். நிப் கூட்டுக்குள் இருப்பதன் பலன். என்னிடம் இருக்கும் வேறொரு பேனா, இதைவிட மூன்று மடங்கு விலை கொடுத்துப் புதுசாக வாங்கியது, அதே ஃபேனுக்கு அடியில் இரண்டே நிமிஷத்தில் காய்ந்து முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

மூன்றாவது மூடி. 51க்குத் திருகு கிடையாது. உள்ளே இருக்கும் ஸ்பிரிங் விரல்கள் கழுத்து வளையத்தைப் பிடித்துக்கொள்ளும். இழுத்தால் வரும், தள்ளினால் உட்காரும். மீட்டிங்கில் ஒருத்தர் போன் நம்பர் சொல்ல ஆரம்பித்தால் அவர் மூன்றாவது இலக்கத்துக்கு வருவதற்குள் நான் எழுத ஆரம்பித்திருப்பேன். தினசரிப் புழக்கம் என்பது இந்த மாதிரி அற்ப விஷயங்களின் கூட்டுத்தொகைதான். கண்ணாடிப் பெட்டியில் வைத்திருப்பவருக்கு இது ஒன்றுகூடத் தெரிய வழியில்லை.

குறை இல்லையா? இருக்கிறது. உடம்பு முழு உருளை, நிப்பும் மறைந்திருக்கிறது, அதனால் எந்தப் பக்கம் மேல் என்று மங்கல் வெளிச்சத்தில் தெரியாது. முதல் மாதம் பக்கவாட்டில் பிடித்துக்கொண்டு கீறிக்கொண்டிருந்தேன். நிப் கொஞ்சமும் வளையாது, ஆணி மாதிரி. தமிழின் வளைவுகளுக்கு அது எனக்கு வசதி, ஆனால் எழுத்தில் ஒரு ஏற்ற இறக்கம் வேண்டும் என்கிறவர்களுக்குச் சப்பென்று இருக்கும். ஊசி நுனி இல்லாவிட்டால் 'ண'வின் சுழி அடைபடும், என்னுடையது நல்லவேளையாக மெல்லியது. இங்க் எவ்வளவு மிச்சம் என்று வெளியே தெரியாது. கலர் மாற்றுவது ஒரு நாள் வேலை, அந்தப் பல் இடுக்கில் இருக்கும் பழைய இங்க் லேசில் வெளியே வராது. நிப்பில் சின்னக் கோளாறு என்றால்கூடச் சூடு காட்டித்தான் கூட்டைக் கழற்ற வேண்டும், நாமே செய்கிற காரியம் இல்லை.

இன்னொரு குறை பேனாவுடையது இல்லை, விற்றவர்களுடையது. எந்த இங்க்குக்காக இவ்வளவு பாடுபட்டார்களோ அதன் பாட்டிலிலேயே, 51 தவிர வேறு பேனாவில் ஊற்றாதீர்கள் என்று எச்சரிக்கை போட வேண்டியிருந்தது. 1947ல் வந்த சூப்பர்குரோம் இங்க்கும் அதே கதை, சொந்த வீட்டு 51ன் பழைய மாடலில் இருந்த ரப்பரையே பதம் பார்த்தது. தன் இங்க்கைத் தாங்கத் தன் பேனாவால் மட்டுமே முடியும் என்ற ஏற்பாடு இன்றைய பிரிண்டர் கார்ட்ரிட்ஜ் வியாபாரத்துக்குத் தாத்தா. காலம் என்ன செய்தது பாருங்கள். இங்க் ஒழிந்துபோனது. அதற்காகச் செய்த கூடும் கலெக்டரும் சாதுவான நீல இங்க்கில் இன்னும் அருமையாக வேலை செய்கின்றன. காரணம் போய்விட்டது, தீர்வு நிற்கிறது. பழைய கோடில் இப்படி நிறையப் பார்க்கலாம், ஆனால் அங்கே பெரும்பாலும் எரிச்சல்தான் வரும்.

2021 வாக்கில் பார்க்கர் கம்பெனி 51ஐ மறுபடி வெளியிட்டது. நண்பர் ஒருவருடையதில் ஒரு வாரம் எழுதிப் பார்த்தேன். தூரத்திலிருந்து பார்த்தால் அதே உருவம். மூடியைத் தொட்டால் திருகு! உள்ளே கார்ட்ரிட்ஜ் அல்லது கன்வெர்ட்டர். விலை குறைந்ததில் ஸ்டீல் நிப், கூடியதில் 18 காரட். ஸ்டீல் நிப் எனக்குக் குறையாகப் படவில்லை, நன்றாகவே எழுதியது. கார்ட்ரிட்ஜும் பயணத்துக்கு வசதி. ஆனால் இழுத்தால் வருகிற மூடியும், பல் பல்லான கலெக்டரும் இல்லாமல் 51 என்று எதைச் சொல்கிறோம்? முகப்பை அப்படியே வைத்துக்கொண்டு பின்னால் இருந்த கோடை மொத்தமாகத் தூக்கிப்போட்ட ரீரைட் அது. தேவையிலிருந்து வந்த உருவம் இதில் ஞாபகார்த்தமாக ஆகிவிட்டது. ஒருவேளை இன்று பேனா வாங்குகிறவர்களுக்கு வேண்டியதும் அதுதானோ என்னவோ. எழுதுவதைவிட வைத்திருப்பது.

இங்கே நண்பரின் கேள்விக்கு வருகிறேன். சேகரிப்பவர்கள் உலகத்தில் ஒரு 51க்கு அதிகபட்ச மதிப்பு எப்போது? ஒரு தடவைகூட இங்க் படாமல் இருந்தால். கடையில் சாக்கட்டியால் எழுதின நிப் அளவும் விலையும் உடம்பில் அழியாமல் இருந்தால் இன்னும் விசேஷம். யாரோ கடைப்பையன் அஞ்சு செகண்டில் கிறுக்கின சாக் எழுத்து எழுபது வருஷம் காப்பாற்றப்படுகிறது. சொந்தக்காரர் பெயர் பொறித்திருந்தால் மதிப்பு குறையும். எங்கள் தாத்தா பெயர் அந்தக் கணக்கில் ஒரு சேதம்! எனக்கு இது தலைகீழாகப் படுகிறது. எழுதுவதற்காக இவ்வளவு யோசித்துச் செய்த ஒரு பொருளை, எழுதாமல் இருந்ததற்காக மெச்சுவது அந்தப் பொருளைச் சரியாகப் படிக்காதது. புத்தகத்தின் அட்டையை மட்டும் விமரிசனம் செய்கிற மாதிரி.

நண்பரிடம் இப்படிச் சொன்னேன். அவர் விடவில்லை. "சார், பேனாவை விடுங்க. அது கோடிக்கணக்குல இருக்கு, நூறு டாலருக்கு இன்னொண்ணு வாங்கலாம். அந்தப் பேரு? அது ஒண்ணுதானே இருக்கு? நீங்க தேய்ச்சு அழிக்கிறது அதைத்தான்." இதுதான் எனக்குப் பதில் வராத இடம்.

உண்மைதான். பேனாவைப் பிடிக்கும்போது விரல்கள் இருப்பது கூட்டின் மேல். உடம்பு சாய்ந்திருப்பது கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் இருக்கும் தோலில். பெயர் பொறித்த இடம் மிகச் சரியாக அங்கே வருகிறது. லூசைட் கெட்டியானது, ஆனால் பொறிப்பு ஆழம் அதிகமில்லை. தினமும் ஒரு மணி நேரம், வியர்வைக் கையோடு உரசினால் தேயத்தான் செய்யும்.

எவ்வளவு தேய்ந்தது? 2019லிருந்து ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் பொட்டு வைப்பதற்கு முன்னால் ஒரே ஜன்னல், ஒரே சாய்வு என்று போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன். எதற்கு என்று யோசித்துச் செய்ததில்லை, பழக்கம். நண்பர் போன அன்று ராத்திரி அந்தப் படங்களை வரிசையாகத் திறந்து வைத்துப் பெரிதுபடுத்திப் பார்த்தேன். 2019, 2020, 2021 மூன்றுக்கும் வித்தியாசம் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். 2022ல் சட்டென்று ஒரு வீழ்ச்சி. முதல் எழுத்தின் வளைவு பாதி காணோம். அப்புறம் மறுபடி மெதுவான தேய்மானம்.

2022ல் என்ன நடந்தது? மூடி தளர்ந்துவிட்டது என்று ஒரு பழுதுபார்ப்பவரிடம் கொடுத்திருந்தேன். மூடியைச் சரியாகவே செய்துகொடுத்தார். கூடவே, நான் கேட்காமலே, பாலிஷ் சக்கரத்தில் வைத்து உடம்பைக் கண்ணாடி மாதிரி ஆக்கிக் கொடுத்தார். "புதுசு மாதிரி ஆக்கிட்டேன் சார், இதுக்குக் காசு வேணாம்" என்றார். நானும் சந்தோஷமாக வாங்கிக்கொண்டு வந்தேன். கோபப்படவும் முடியாது, அவர் பிரியமாகச் செய்தது. ஆனால் மூன்று வருஷ எழுத்து செய்யாததை அரை மணி நேரப் பளபளப்பு செய்திருக்கிறது.

இதை வைத்து நான் ஜெயித்துவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். மெதுவாகத் தேய்ந்தாலும் தேய்வது தேய்வதுதான். இப்படியே போனால் இன்னும் பத்துப் பதினைந்து வருஷத்தில் பெயர் இருந்த இடம் வழவழவென்று ஆகிவிடும். பள்ளத்தில் வெள்ளை மெழுகு தேய்த்தால் எழுத்து எடுப்பாகத் தெரியும் என்று நண்பர் யோசனை சொன்னார். அது பார்ப்பதற்கு உதவும், தேய்வதை நிறுத்தாது. பீரோவுக்குத் திருப்பி அனுப்பினால் நிற்கும். அனுப்பலாமா என்று ஒரு வாரம் உண்மையிலேயே யோசித்தேன். அந்த வாரம் மேஜை டிராயரில் வைத்துவிட்டுப் பால்பாயின்ட்டில் எழுதினேன். கைக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை, உலகம் நிற்கவில்லை. ஆனால் டிராயரைத் திறக்கும்போதெல்லாம் அந்த டம்ளர் தண்ணீர் ஞாபகம் வந்தது. தாத்தாவிடமிருந்து எனக்கு வந்ததில் பெயரைவிட அந்த நீலம்தான் அவருக்குப் பக்கத்தில் இருந்தது. அவர் எழுதி மிச்சம் வைத்தது. பத்திரமாக வைத்ததால் பெயர் பிழைத்தது, இங்க் காய்ந்தது. இரண்டையும் ஒருசேரக் காப்பாற்ற வழி எனக்குத் தெரியவில்லை. ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் எழுதுகிற பக்கம்தான் நிற்பேன். பெயர் போவது நஷ்டமே இல்லை என்று மட்டும் சொல்லிக்கொள்ள மாட்டேன்.

கல்வெட்டு கடைசியில் வரும் என்றேன் அல்லவா. சிதைகிற கல்வெட்டுக்கு என்ன செய்வோம்? கோயிலை மூடச் சொல்ல மாட்டோம், மைப்படி எடுப்போம். போன ஞாயிற்றுக்கிழமை பேனாவை நன்றாகத் துடைத்து, மெல்லிய பட்டர் பேப்பரை உடம்பில் இறுக்கிச் சுற்றி, மெதுவான பென்சிலால் படுக்கையாகத் தேய்த்தேன். நான்கைந்து தாள் வீணான பிறகு ஒன்று சரியாக வந்தது. கண்ணுக்குப் பாதிதான் தெரிகிற முதல் எழுத்து முழுசாக விழுந்தது. இனிஷியல், பெயர், அடியில் ஒரு சின்னக் கோடு. இவ்வளவு தெளிவாக நானே பார்த்ததில்லை.

அந்தக் கோட்டுக்குக் கீழே உடம்பு கொஞ்சம் தட்டையாக இருக்கும். எத்தனையோ தடவை விரல் பட்டிருக்கிறது, பிடித்துப் பிடித்துத் தேய்ந்த இடம் என்றுதான் நினைத்திருந்தேன். தாளில் அங்கே வேறு கீறல்கள் இருந்தன. மூன்று நேர்க்கோடு, ஒரு வளைவின் அடிப்பாகம். தாத்தா பெயரோடு சேராத அளவு, சேராத சாய்வு. யாரோ அரத்தால் தேய்த்து எடுத்த எழுத்துகளின் கால்கள் மாதிரி இருக்கிறது. இன்னும் இரண்டு தாளில் எடுத்துப் பார்த்தேன், இரண்டிலும் அதே இடத்தில் அதே கீறல். அளவுகோல் வைத்து அளந்தேன். எழுத்து என்று சத்தியம் செய்ய மாட்டேன், ஆனால் ஒரு கல்லில் இதைப் பார்த்திருந்தால் மேலே உள்ளது பிற்காலப் பொறிப்பு என்று குறிப்பு எழுதியிருப்பேன். பேனா 1949, தாத்தா வாங்கினது 53, 54. நடுவில் நாலைந்து வருஷம்.

அப்பாவுக்கு போன் செய்து சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

"அப்ப புதுசா வாங்கினேன்னு சொன்னது?" என்றார்.